நல்ல நிய்யத் மட்டும் போதுமா?



சில மாதங்களுக்கு முன் அம்பத்தூரில் ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின், ஓர் இளைஞர் மட்டும் தூணருகில் அமர்ந்திருந்தார். கட்டட வேலை செய்பவர். நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்.

வேலையிடத்தில் சுவர் சரிந்து, அவருடைய தோழர் அதனடியில் சிக்கிக்கொண்டாராம். இவரும் இன்னும் இருவரும் ஓடிச்சென்று, கைகளைப் பற்றி இழுத்தெடுத்து, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்களாம். உயிர் பிழைத்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதுகெலும்பு முறிந்திருந்தது. இழுத்ததிலும் மடக்கியதிலும் காயம் அதிகமாகியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். "நாங்க அவனைக் காப்பாத்தினோமா, கெடுத்துட்டோமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

அமல்களின் மதிப்பு நிய்யத்தைப் பொறுத்தது என்ற ஹதீஸை நாம் மதரஸாவில் முதல் பாடங்களில் ஒன்றாக ஓதியிருக்கின்றோம். அதைச் சொல்லித்தான் அன்றிரவு அவரைத் தேற்றி அனுப்பினோம். வீடு திரும்பிய பின் அந்தப் பதில் நமக்கே போதவில்லை. நிய்யத் நமக்குரிய கூலியைத் தீர்மானிக்கின்றது. அடுத்தவரின் முறிந்த எலும்பை அது ஒட்டவைப்பதில்லை அன்றோ!

ஒரு சுவர் சரிந்ததற்கே இப்படியென்றால், ஓர் ஊரே சரிந்தால் என்னவாகும்? 2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதியில் பூமி அதிர்ந்தபோது 1,60,000க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். புஜ் நகரின் அரசு மருத்துவமனையே இடிந்துவிட்டது. கூடாரங்களில் வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அது எங்கோ வடக்கில் நடந்தது என்று நாம் எண்ணிவிடலாகாது. அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைச் சென்னை மக்களும் உணர்ந்தனர். 2002இல் திருத்தப்பட்ட வரைபடத்தில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றப்பட்டது.

பூமி அதிராமலே கட்டடம் சரிவதையும் நம் பக்கத்தில் கண்டிருக்கின்றோம். 2014 ஜூன் 28 மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது தரைமட்டமானது. பிழைப்புத் தேடி ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் உட்பட 61 பேர் மாண்டனர். அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் மற்றவர்களும் இரவு பகலாக இடிபாடுகளைக் குடைந்தனர். 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர்.

இடிபாட்டில் சிக்கியவர்களுக்குக் கை, கால் முறிவுகளே மிகுதியாக ஏற்படுகின்றன. மண் படிந்த புண்கள் சீழ்பிடிக்கின்றன, ரணஜன்னியும் வரும். 2005 அக்டோபர் 8இல் காஷ்மீரில் நேர்ந்த பூகம்பத்தில் நூற்றுக்கணக்கானோர் முதுகுத்தண்டு முறிந்து நடக்கும் சக்தியை இழந்தனர்.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. பல மணி நேரம் பாரத்தின் கீழ் நசுங்கிக் கிடக்கும் காலில் தசைகள் மடிகின்றன. பாரத்தைத் தூக்கியவுடன், அதுவரை அங்கே தேங்கிநின்ற பொட்டாசியமும் தசையின் கழிவும் இரத்தத்தில் பாய்கின்றன. பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடலாம். தசைக்கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். பேசிக்கொண்டிருந்தவர் மீட்கப்பட்ட சற்று நேரத்தில் மரணிப்பதும் உண்டு. இதனாலேயே தேர்ந்த மீட்புக் குழுவினர், பாரத்தை அகற்றுமுன்பே இரத்தக் குழாய் வழியாக உப்புநீர் ஏற்றத் தொடங்குகின்றனர். துருக்கியில் 1999 ஆகஸ்ட் 17 பூகம்பத்திற்குப் பின் 639 பேருக்கு இவ்வாறு சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் செய்யப்பட்டது. 639 பேரில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கினர் பிழைத்தனர். உயிரைக் காப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் அந்த இல்மை அதற்கு ஸபபாக ஆக்கினான்.

இப்போது நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் காலத்திற்குச் செல்வோம். அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்றுண்டு. பயணத்தில் ஒருவருக்குக் கல்லடிபட்டுத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்று அவர்கள் சொல்ல, அவர் குளித்து, இறந்துபோனார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றது அவர்களே என்று கடிந்து, தெரியாதபோது கேட்டறிவதே அறியாமைக்கு மருந்து என்பதையும் உணர்த்தினார்கள். மார்க்கத்தைப் பேணும் நிய்யத்தில்தானே அவர்கள் சொன்னார்கள்! ஆயினும் கேட்டறியாமல் துணிந்தது குற்றமாயிற்று.

அப்படியானால் அந்த இளைஞர் குற்றவாளியா? அல்லவென்றே நாம் கருதுகின்றோம். கேட்டறிய அங்கே எவருமில்லை, நேரமுமில்லை. நன்மை செய்ய முனைந்தோர் மீது பழியில்லை என்பதைக் குர்ஆனின் தவ்பா அத்தியாயத்திலிருந்து இமாம்கள் விளக்கியுள்ளனர்.

எனினும் பழி மறைந்துவிடவில்லை. அது நம் பக்கம் திரும்புகின்றது. மருத்துவ இல்மு ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் எழுதியுள்ளார்கள். ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் ஊரார் அனைவருமே பொறுப்பாளிகள். அந்த மூன்று இளைஞர்களுக்கும் காயம்பட்டவரைத் தூக்கும் முறையை யார் கற்பித்தோம்? நம் மஹல்லாக்களில் மய்யித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர் இருக்கின்றார். மய்யித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற ஹதீஸை அறிந்து, அவர் மெல்லப் புரட்டுகின்றார். உயிருள்ளவரின் எலும்புக்கு அந்தப் பேணுதல் எங்கே? பள்ளிவாசலில் சந்தூக் இருக்கின்றது. ஒரு ஸ்ட்ரெச்சர் இருக்கின்றதா?

கட்டடம் இடிந்து இறந்த முஃமினை ஷஹீதுகளில் சேர்த்து நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். அதைச் சொல்லி ஆறுதலடைகின்றோம். இடிபாட்டிலிருந்து உயிரோடு வருபவருக்கு நாம் செய்ய வேண்டியதையும் கற்றாக வேண்டும்.

கற்க வேண்டியது மலையளவு அல்ல. கழுத்தும் முதுகும் அசையாமல், பலகையில் நேராக வைத்துப் பலர் சேர்ந்து தூக்குவது. பீறிடும் இரத்தத்தைத் துணியால் அழுத்தி நிறுத்துவது. மார்பிலோ கழுத்திலோ பாரம் கிடந்து மூச்சுத் திணறினால் உடனே அகற்றுவது. கால் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால், 108க்கு அழைத்து, வருபவரிடம் எவ்வளவு நேரமாயிற்று என்பதைச் சொல்லி, அவர் சொற்படி நடப்பது. ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதலுதவி அறிந்த ஒருவரை அழைத்தால் போதும். நாமும் இளைஞர்களோடு அமர்ந்து கற்போம்.

அந்த இளைஞரை மறுபடி சந்தித்தபோது, "தம்பி, பாவம் உங்கள் மேல் இல்லை. ஆனால் உங்கள் தோழரைப் பார்க்கப் போகாமல் இருந்துவிடாதீர்கள்" என்றோம். வெட்கத்தால் இதுவரை போகவில்லை என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரோடு நாமும் சென்றோம். படுக்கையில் இருந்த அந்தச் சகோதரர் இவருடைய கையைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

வல்ல ரஹ்மான் நமக்கு நல்ல நிய்யத்தையும், அதற்கேற்ற இல்மையும் தந்தருள்வானாக! ஆமீன்.