பந்தியும் பக்தியும்

சரீரத்தைச் சிறைச்சாலையென வெறுத்து, ஜனசமூகத்தை விட்டு விலகி, ஏகாந்தத்தில் தியானம் செய்பவனே ஆன்மிக வாழ்வுக்கு உரியவன் என்னும் எண்ணம் எல்லாச் சமயத்தாரிடமும் ஓரளவு வேரூன்றியிருப்பதால், கிறிஸ்து மார்க்கமும் அதையே போதிக்கிறது என்று பலர், கிறிஸ்தவர்களிலேயே பலர், கருதிவிடுகிறார்கள். அவர்கள், பவுல் அப்போஸ்தலன் ஏறக்குறைய கி.பி. 55-இல் எபேசு பட்டணத்திலிருந்து கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தைச் சற்று நிதானமாக வாசித்தல் நலம்.

கி.மு. 146-இல் ரோமரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் ஆணையால் மீண்டும் குடியேற்றப்பட்ட கொரிந்து, கிழக்கே கெங்கிரேயா, வடக்கே லெகேயம் என்னும் இரு துறைமுகங்களின் வாணிபத்தால் செழித்த பட்டணம். அங்கிருந்த சபையாரோ வரங்களில் குறைவில்லாதவர்கள். அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், ஞானம் எல்லாம் அவர்களிடம் இருந்தன. அவற்றைப் பற்றிய கர்வமும் இருந்தது. அப்படிப்பட்டவர்களைத்தான் பவுல், ஆவிக்குரியவர்கள் என்று அழைக்க மனமின்றி, இன்னும் பால் குடிக்கும் குழந்தைகள் என்கிறார்.

காரணம் அவர்களிடையே இருந்த பொறாமையும் பிரிவினையுமே; அவை அவர்களுடைய சாப்பாட்டுப் பந்தியிலேயே வெளிப்பட்டன. அக்காலத்தில் கர்த்தருடைய இராப்போஜனம், வசதியுள்ள விசுவாசி ஒருவரின் இல்லத்தில் எல்லோரும் கூடி உண்ணும் மெய்யான விருந்தோடு சேர்ந்தே நடந்தது. செல்வர்கள் தாம் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்திருக்க, எஜமானின் வேலையை முடித்துவிட்டு வர வேண்டிய அடிமையும், பொழுது சாய்ந்த பின்னரே ஓய்வு பெறும் துறைமுகக் கூலியும் வெறும் வயிற்றோடு நின்றிருப்பார்கள் போலும். நீங்கள் புசிப்பது கர்த்தருடைய போஜனமே அன்று என்று பவுல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே அவர் விதிக்கும் சாதனை. உபவாசத்தைவிட இது எளிதென்று நினைப்பவர்கள் தம் வீட்டு வேலைக்காரி எப்போது சாப்பிடுகிறாள் என்று ஒருநாள் கவனித்துப் பார்க்கலாம்.

பரவச அனுபவங்களை அவர் இகழவில்லை. அந்நியபாஷையில் தாமே அவர்களைவிட அதிகம் பேசுவதாகச் சொல்லுகிறார். ஆயினும் சபையில் பிறருக்குப் பயன்படும்படி அறிவோடு பேசும் ஐந்து வார்த்தைகளையே, விளங்காத பாஷையின் பதினாயிரத்தைவிட விரும்புகிறார். இக்காலத்தில் கலியாண ஆராதனைகளில் இனிய குரலில் வாசிக்கப்படும், இந்நிருபத்தில் உள்ள அன்பின் அதிகாரம், உண்மையில் மணமக்களுக்காக அன்று, வரத்தைக் காட்டிப் பெருமை பேசிச் சண்டையிட்ட இந்தச் சபையாருக்காக எழுதப்பட்டது.

சரீரத்தால் செய்வது ஆத்துமாவைத் தொடாது என்று எண்ணி வேசித்தனத்தை அற்பமாகக் கொண்டவர்களிடம், அந்தச் சரீரமே பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று வாதிடுகிறார். தெய்வம் மாம்சமாகி வந்தது என்று நம்பும் சமயம் வேறெப்படிப் பேசும்? பதினைந்தாம் அதிகாரம் முழுவதும் மரணத்தை வென்ற உயிர்த்தெழுதலின் மகிமையை விரித்துரைத்தவர், அது முடிந்ததும் அடுத்த வசனங்களிலேயே, எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணத்தை வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்க வேண்டும் என்று எழுதுகிறார்.