காரணம் குறிக்கப்படவில்லை

ஒரு பாக்கெட்டைத் தனியாக எடுத்து எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது தாக்க வந்ததா, கேட்க வந்ததா என்று சொல்லிவிட முடியாது. தாக்குதல் என்பது எண்ணிக்கையிலும் நோக்கத்திலும் இருக்கிறது. எண்ணிக்கையை எண்ணிவிடலாம். நோக்கம் எந்த பைட்டிலும் எழுதியிருக்காது.

1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் முடங்கியது இப்படித்தான். டிசிபி இணைப்பு, 'பேசலாமா?' என்று கேட்கும் சின் பாக்கெட்டில் தொடங்குகிறது. சர்வர் 'பேசலாம்' என்று பதில் அனுப்பிவிட்டு ஓர் இடத்தைப் பிடித்துவைத்துக் காத்திருக்கும். பொய் முகவரிகளிலிருந்து கேள்விகளை மட்டும் கொட்டினால் இடமெல்லாம் நிரம்பிவிடும். டேனியல் பெர்ன்ஸ்டைன் சொன்ன தீர்வு எனக்கு இன்னும் அழகாகத் தெரிகிறது: இடமே பிடிக்காதே; நினைவில் வைக்க வேண்டியதைப் பதிலின் வரிசை எண்ணிலேயே பொதிந்து அனுப்பிவிடு; உண்மையான ஆள் என்றால் அதைத் திருப்பிக் கொண்டுவருவார். யாரையும் சந்தேகப்படாத பாதுகாப்பு.

ஆனால் முழு இணைப்பும் போட்டுப் பக்கத்தைக் கேட்கிற கூட்டத்திடம் இது செல்லாது. அங்கே எண்ணித்தான் ஆகவேண்டும்: ஒரு முகவரியிலிருந்து நொடிக்கு இத்தனைக்கு மேல் வந்தால் தூக்கிப்போடு. இந்த விதி யார் தலையில் விழும்? ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில், பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐபிவி4 முகவரித் தட்டுப்பாட்டால் செல்பேசி நிறுவனங்கள் ஏராளமான போன்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. மலைப் பிள்ளைகளும் கீழே போளூர்ப் பிள்ளைகளும் சர்வருக்கு ஒரே ஆளாகத் தெரியலாம். ஓயாமல் கதவைத் தட்டும் ஒரே ஆள். தூக்கிப்போட்ட பாக்கெட்டுக்குப் பதிலும் போகாது. போனில் வட்டம் சுற்றும். "டவர் இல்லடா" என்று பிள்ளை மேட்டுக்கு ஏறிப் போகும். தன்னைத் தாக்குதல்காரர் என்று தீர்ப்பிட்டது அதற்குத் தெரியவே தெரியாது.

தீர்ப்பு நடக்கும் இடத்தைப் பார்க்க வழி இருக்கிறது. 2014-இல் லினக்ஸுக்கு வந்த இபிபிஎஃப் மூலம், கெர்னலைத் திருத்தாமலே, சரிபார்க்கப்பட்ட சிறு நிரல்களை உள்ளே செருகி பாக்கெட்டின் பாதையைத் தொடரலாம். பாக்கெட்டைக் கைவிடும் இடத்தில் ஒரு டிரேஸ்பாயிண்ட் உண்டு. 2022-இல் வந்த 5.17 பதிப்பிலிருந்து ஏன் கைவிட்டோம் என்ற காரணமும் அதில் வருகிறது. பட்டியலில் 'காரணம் குறிக்கப்படவில்லை' என்றும் ஒன்று இருக்கிறது. நம்ம தாலுகா ஆபீஸ் ஞாபகம் வந்தால் தப்பில்லை.

ஆனால் வெள்ளத்தை வேகமாகத் தடுக்கும் எக்ஸ்டிபி, இதற்கெல்லாம் முன்பே, நெட்வொர்க் கார்டின் டிரைவரிலேயே வேலையை முடித்துவிடும். அங்கே விழுந்த பாக்கெட் அந்த டிரேஸ்பாயிண்ட்டுக்கு வந்தே சேராது. நிரலை எழுதியவர் தானாகக் கணக்கு வைத்தால்தான் உண்டு. வேகமான தீர்ப்புக்குத்தான் தடயம் குறைவு. என்னை உறுத்துவது இதுதான்.

அதே மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு, ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் யுரேனஸ் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு விண்மீனின் ஒளியைப் பதிவு செய்தார்கள். ஒளி திடீரென்று சில நொடிகள் சரிந்தது. மேகம், கருவிக் கோளாறு என்று தள்ளியிருக்கலாம். முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்றுதான் நினைத்தார்கள். விளக்கம் தவறு. ஆனால் பதிவு கையில் இருந்ததால், யுரேனஸின் வளையம் என்று பிறகு திருத்திக்கொள்ள முடிந்தது. (அதே இரவு இந்தியப் பெருங்கடல்மேல் பறந்த அமெரிக்க விமான ஆய்வகமும் வளையங்களைப் பதிவு செய்திருந்தது.)

"வெள்ளம் வர்ற நேரத்துல உட்கார்ந்து கணக்கு எழுதுவியா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. யார் எங்கே போனார்கள் என்ற குவியல் இன்னொரு ஆபத்து. எந்த விதி எத்தனை பாக்கெட்டைத் தள்ளியது என்று ஓர் எண்ணிக்கை, ஆயிரத்தில் ஒன்றின் தலைப்பகுதி மட்டும், சில நாளில் அழித்துவிடலாம். மறுநாள் 'தாக்குதலை முறியடித்தோம்' என்று அறிக்கை எழுதுமுன் அந்த மாதிரியைத் திறந்து, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் டிசிபி தலைப்புகள் எப்படி இருந்தன என்று பார்க்கட்டும். எல்லாம் ஒரே வார்ப்பு என்றால் பெரும்பாலும் எந்திரம். விதவிதமான போன்கள் என்றால், அடுத்த ரிசல்ட்டுக்கு முன்னால் அந்த வரம்பை ஏற்றி வைக்கணும்.