மெய்க்காகச் சொல்லும் பொய்

உண்மையை வெளிக்கொணரும் பொருட்டுப் பொய் சொல்லலாமா? நன்மை பயக்குமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என வள்ளுவர் இசைந்தார். ஆயினும் அந்நன்மை குற்றமற்றதாய் இருத்தல் வேண்டும் என்று ஒரு பூட்டும் போட்டார். பூட்டை மறந்து இசைவை மட்டும் எடுத்துக்கொள்வது நம் வழக்கம்.

தில்லிவாழ் அன்பர்கள் பலருக்கு 2001 மார்ச் மாதம் நினைவிருக்கும். தெகல்கா செய்தியாளர்களான அனிருத்த பஹலும் மாத்யூ சாமுவேலும், வெஸ்ட் எண்ட் என்று இல்லாத நிறுவனம் ஒன்றைப் படைத்து, இராணுவத்துக்கு வெப்பப் படக்கருவி விற்போராய் நடித்துப் பல மாதங்கள் அலைந்தனர். ஒளித்து வைத்த காமிராவுடன் வரவேற்பறைகளில் காத்துக் கிடப்பதும், பொய்ப்பெயர் நாவில் இடறாமல் காப்பதும், பதிந்த நாடாக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுவதுமே இத்தொழிலின் பெரும்பகுதி. ஆளும் கட்சித் தலைவராயிருந்த பங்காரு லட்சுமணன் 1 லட்சம் ரூபாய் பெற்ற காட்சியை நாடே கண்டது. 2012-இல் நீதிமன்றம் அவருக்கு 4 ஆண்டுச் சிறை விதித்தது. ஆனால், படை அதிகாரிகளுக்குப் பெண்களை ஏற்பாடு செய்த செய்தி 2001 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. முதலில் அது மக்களுக்குக் காட்டப்படவில்லை.

2007-இல் இதே நகரில், ஒரு பள்ளி ஆசிரியை மாணவியரைத் தீய தொழிலில் தள்ளுவதாக ஒரு தொலைக்காட்சி படம் காட்டியது. கூட்டம் திரண்டு அவ்வம்மையாரின் ஆடையைக் கிழித்தது. படத்தில் மாணவியாய்த் தோன்றியவள் மாணவியே அல்லள் என்று பின்னர்த் தெரிந்தது. அந்த அலைவரிசைக்கு ஒரு மாதத் தடை; அம்மையாருக்கு என்ன ஈடு?

இவ்வினாவை நான் தொலைவில் நின்று எழுப்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பிரிவுக்கு ஒருவர் வந்து, ஒரு விதவையின் தமையன் என்று சொல்லிக்கொண்டார். குடும்ப ஓய்வூதியக் கோப்பு ஒன்பது மாதமாய் என் மேசையில் இருந்தது உண்மை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். பணிப்பதிவேட்டை அனுப்புமாறு வேறு பிரிவுக்கு நான்கு முறை எழுதியதைச் சொன்னேன். பின்னர் விளையாட்டாக, “கோப்புக்குக் காலில்லை ஐயா, தள்ளினால்தான் நகரும்” என்றேன். தொலைக்காட்சியில் வந்தது அவ்வொரு வாக்கியம் மட்டுமே. முகத்தை மறைத்திருந்தார்கள். இரவு உணவின்போது என் மகள் நிமிர்ந்து, “அப்பா, இது உங்கள் குரல்தானே?” என்றாள்.

அவர் பொய்ப்பெயருடன் வந்ததை நான் மன்னித்துவிட்டேன். மெய்ப்பெயருடன் வந்திருந்தால் நான் அவ்வளவு பேசியிருக்க மாட்டேன். ஆனால் வேடம் பூண்டு பெற்ற பேச்சைக் கத்தரிக்கும் உரிமையும் அவ்வேடத்தோடு சேர்ந்து வருமா? நான்கு கடிதங்களையும் காட்டியிருந்தால் என் குற்றம் குறைந்திராது. அடுத்த பிரிவின் குற்றமும் தெரிந்திருக்கும், அவ்வளவே. ஒன்பது மாதத்தில் நான்கு கடிதம் என்பது பெருமைப்படத்தக்க கணக்கும் அன்று.

பதிவேடு மறுநாளே வந்து சேர்ந்தது. அவ்வம்மையாரின் ஓய்வூதிய ஆணையை அன்று மாலை நானே தட்டச்சு செய்தேன்.