தவழ்ந்தாவது வாங்க!

அயர்ன்மேன் என்றொரு பந்தயம் உண்டு. கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், அடுத்து சைக்கிளில் 180 கிலோமீட்டர், நம்ம திருச்சியிலிருந்து மதுரைக்குப் போவதைவிட அதிகம், அதற்குமேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில்! மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கே கால் தள்ளாடும்.

1982 பிப்ரவரியில், ஹவாய்த் தீவில், ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி பெண்களில் முதலாவதாக ஓடிவந்தாள். எல்லைக்கோடு பக்கத்தில், உடம்பிலோ தெம்பில்லை. விழுந்தாள். எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். இன்னொருத்தி தாண்டிப் போய்விட்டாள். ஜூலி தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டாள். இரண்டாம் இடம்தான், ஆனால் ஓட்டத்தை முடித்தாள்!

அந்தப் பந்தயத்தில் விழுந்தவரை மற்றவர் தாங்கி நடத்தக்கூடாது. நம்முடைய ஓட்டம் அப்படியா? இல்லவே இல்லை! தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவை இயேசு கைநீட்டிப் பிடித்தாரே!

ஸ்ரீரங்கத்திலோ உறையூரிலோ ஒரு சகோதரன் விழுந்துபோய், வெட்கப்பட்டு, ஆராதனைக்கு வராமல் இருக்கலாம். "பின்வாங்கிட்டார்" என்று பேசிக்கொண்டிருக்காதீங்க. இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்க, கைபிடித்து ஜெபம்பண்ணுங்க. விழுந்தவர் நீங்கள்தானா? தவழ்ந்தாவது வாங்க. எல்லைக்கோட்டில் இயேசு காத்திருக்கிறார். அல்லேலூயா!