உத்தரவு பாவத்தைச் சுமக்குமா?

கேள்வி: சுவாமி, நான் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இரண்டாம் உலகப் போரில் ரோம் நகரில் நடந்த படுகொலைக்காக, ஐம்பது ஆண்டுகள் கழித்து எரிக் பிரீப்கே என்ற முன்னாள் ஜெர்மானிய அதிகாரியை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியதைப் படித்தேன். எண்பது வயதைத் தாண்டியவரைத் தண்டிப்பது தர்மமா?
— வாசகர், வேலூர்

பதில்: முதியவரிடம் இரக்கம் தோன்றுவது நல்ல மனத்தின் அடையாளம். அந்த இரக்கம் இறந்தவர்களையும் எட்ட வேண்டும், அன்பரே.

1944 மார்ச் 23 அன்று ரோமின் ராசெல்லா தெருவில் எதிர்ப்புப் போராளிகள் வைத்த குண்டுக்கு ஜெர்மானியப் போலீஸ் படையினர் 33 பேர் பலியானார்கள். ஒருவருக்குப் பத்துப் பேர் என்று பழிவாங்க முடிவாயிற்று. மறுநாளே அர்தியாத்தினே குகைகளில் 335 பேரை, கைகளைப் பின்னால் கட்டி, ஐந்தைந்து பேராக உள்ளே கொண்டுபோய்ப் பின்தலையில் சுட்டார்கள். பலர் ஏற்கெனவே சிறையில் இருந்தவர்கள். சுமார் 75 பேர் யூதர்கள். பதினைந்து வயதுச் சிறுவனும் அதில் உண்டு. பிறகு குகை வாயிலை வெடி வைத்து மூடினார்கள். பட்டியலை வைத்துக்கொண்டு பெயர்களைச் சரிபார்த்தவர் பிரீப்கே. இருவரைத் தாமே சுட்டதாகவும் ஒப்புக்கொண்டவர்.

போருக்குப் பின் அவர் அர்ஜென்டினாவின் பரிலோச்சே ஊரில் மதிப்போடு வாழ்ந்தார். 1994இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிருபர் தெருவில் நிறுத்திக் கேட்ட பிறகுதான் வழக்கு உயிர்பெற்றது. 1996இல் ரோம் ராணுவ நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது என்று அவரை விடுவிக்கச் சொன்னது. இறந்தவர்களின் குடும்பத்தார் கொதித்தெழுந்தார்கள். அவர் மீண்டும் கைதானார். 1998இல் ஆயுள் தண்டனை உறுதியானது. ஆனாலும் வயதைக் கருதி வீட்டுக்காவலில்தான் வைத்தார்கள். 2013இல் நூறு வயதில் இறந்தார்.

முதுமைக்குரிய கருணையைச் சட்டமே காட்டிவிட்டது. முதுமை தண்டனையின் கடுமையைக் குறைக்கலாம். பதில் சொல்லும் கடமையைக் குறைக்காது.

கேள்வி: மேலதிகாரி சொன்னதைச் செய்வதுதானே சிப்பாயின் தர்மம்? பாவம் உத்தரவிட்டவனைத்தானே சேரும்?

பதில்: உத்தரவிட்டவனையும் சேரும், செய்தவனையும் சேரும். குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனைப் போரிடச் சொன்னது, ஆயுதம் ஏந்தி எதிரே நின்றவர்களோடு. அதே பாரதத்தில் அசுவத்தாமனைப் பாருங்கள். துரியோதனன் அவனைத் தளபதியாக்கியிருந்தான். அந்தப் பதவி, உறங்கியவர்களை இரவில் புகுந்து கொன்ற பழியிலிருந்து அவனைக் காக்கவில்லை. தலையில் இருந்த மணியை இழந்தான், சாபம் பெற்றான்.

ரோமில் மறுக்கவே வழியில்லை என்றும் சொல்ல முடியாது. குண்டுவெடிப்பில் ஆட்களை இழந்த படையின் தளபதியிடமே இந்தக் காரியத்தை முதலில் ஒப்படைக்கப் பார்த்தார்கள். தம் ஆட்கள் இதற்கு ஏற்றவர்கள் அல்ல என்று அவர் விலகிக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு. அவர்களுடைய கொடிய கணக்கின்படியே 330 பேர்தான். தவறுதலாக ஐந்து பேரைக் கூடுதலாகக் கொண்டுவந்துவிட்டார்கள். திருப்பி அனுப்பினால் வெளியே சொல்லிவிடுவார்கள் என்று அவர்களையும் கொன்றார்கள். அந்த ஐந்து உயிர்களுக்கு எந்த உத்தரவைக் காட்ட முடியும்? மனசாட்சியைப் பிறர் கையில் கொடுத்தவன் எந்த எல்லையிலும் நிற்கமாட்டான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் இத்தகையவர்களுக்கு மன்னிப்பே கிடையாதா?

பதில்: உண்டு. அரசன் விதித்த தண்டனையை அனுபவித்தவன் பாவம் நீங்கித் தூய்மையடைகிறான் என்று தர்ம சாஸ்திரமே சொல்கிறது. அருளும் தேடி வரும். பிரீப்கேயின் மேலதிகாரி ஹெர்பர்ட் கேப்லர் 1948இல் ஆயுள் தண்டனை பெற்றார். அவரைச் சிறையில் போய்ப் பார்த்தவர் ஹியூ ஓ'பிளாகர்ட்டி என்ற ஐரிஷ் பாதிரியார். போர்க்காலத்தில் யூதர்களையும் தப்பி வந்த போர்க்கைதிகளையும் ஒளித்துக் காப்பாற்றியவர். அதற்காகக் கேப்லர் வேட்டையாடிய மனிதர். கேப்லர் 1959இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் 1977இல் ரோம் ராணுவ மருத்துவமனையிலிருந்து தப்பி ஜெர்மனிக்குப் போய்விட்டார். அவர் உள்ளத்தில் நடந்ததை இறைவன் அறிவான். தண்டனையிலிருந்து அவர் விலகியதை உலகம் அறியும்.

நம் பாண்டியன் நெடுஞ்செழியனை நினையுங்கள். பொற்கொல்லன் சொன்னான், காவலர் வெட்டினார்கள் என்று அவன் சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிலம்பு உடைந்த கணமே குற்றம் தனது என்று ஏற்று உயிர்விட்டான். பின்பு தெய்வமாகத் தோன்றிய கண்ணகியே, பாண்டியன் குற்றமற்றவன் என்று சேரன் செங்குட்டுவன் முன் சொல்கிறாள். கணவனைப் பறிகொடுத்தவள் வாயிலிருந்து வந்த மன்னிப்பு அது. அதற்கு மேலான விடுதலை எதுவும் இல்லை.

பிரீப்கே கடைசிவரை உத்தரவையே காரணம் காட்டினார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தவரை இந்த வாசல் அவருக்குத் திறக்க வழியில்லை.

உங்கள் பழைய தோழர்களில் யாருக்காவது இப்படி ஒரு பாரம் நெஞ்சில் இருந்தால், பரிகாரத்துக்காகக் கோயில் கோயிலாக அலைய வேண்டாம் என்று சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி, கேட்க உரிமை உள்ளவர்கள் முன் சொல்லட்டும். சட்டம் தருவதை ஏற்கட்டும். பிறகு ஆண்டவன் சந்நிதிக்கு வரட்டும். அப்படி வருகிறவருக்காக நாமும் சேர்ந்து பிரார்த்திப்போம்.