உயர்ந்தது யார்?

நகரமன்றத்தில் இருந்தவர் சட்டமன்றம் சென்றால், "உயர்ந்துவிட்டார்" என்கிறோம். உயர்ந்தது ஆளா, அமர்ந்த நாற்காலியா? எண்ணிப் பார்க்க வேண்டாமா நாம்?

சர் பிட்டி தியாகராயர் 1882இல் சென்னை நகராண்மைக் கழக உறுப்பினரானார். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அங்கே உழைத்தார். 1920இல் அதன் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் நிறைவேறியது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! அவ்வாண்டே மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது, தியாகராயரும் உறுப்பினரானார். முதலமைச்சர் பதவி தேடி வந்தது, மறுத்தார். சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார்.

பதவியை மறுத்தவர் பெரியர் என்று பாராட்டிவிட்டு, நாம் படுத்துறங்கலாமா? 1925இல், அவர் மறைந்த அதே ஆண்டில், சிற்றுண்டிச் செலவுக்கு அரசு இசைவு மறுத்தது. ஓரணா ஒதுக்க நகரமன்றத்துக்கு மனமிருந்தது. அதைத் தடுக்க மேலிடத்துக்கு அதிகாரமிருந்தது! 1956இல், காமராசர் ஆட்சியில், பகலுணவு அரசின் திட்டமான பின்னரே மாநிலமெங்கும் பரவலாயிற்று.

ஆகவே, மேலே செல்வது குற்றமன்று, கடமை. தெருவிலே கண்ட பசியைச் சட்டத்தின் வாசலுக்குச் சுமந்து செல்வோர் நமக்கு வேண்டும். சென்ற இடத்தில் அச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, இருக்கையின் மென்மையில் இன்பங்காண்போர் உயர்ந்தவரல்லர். இடம் மாறியவர், அவ்வளவே!

தோழர்களே! வாக்குக் கேட்டு வருவோரை, "எந்தெந்த நாற்காலியில் அமர்ந்தீர்?" என்று கேட்பதை விடுவோம். "எந்தத் தெருவிலிருந்து எதைச் சுமந்து வந்தீர்?" என்று கேட்போம்.