கஞ்சா பயிரிடுவோனும் நமது தராசும்

கஞ்சா பயிரிடுபவன் கதையிலே வந்தால் அவன் பக்கம் நிற்கிறோம். பத்திரிகைச் செய்தியிலே வந்தால் அவனைத் தூக்கில் போடு என்கிறோம். ஒரே குற்றத்துக்கு ஒரே வாயிலிருந்து இரண்டு தீர்ப்பு! வாங்குவதற்கு ஒரு தராசும் விற்பதற்கு ஒரு தராசும் வைத்திருக்கும் கடைக்காரனுக்கு நாம் என்ன பெயர் சொல்வோம் என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே இவ்விஷயத்தில் நமது கையிலுள்ள தராசையும் சற்றுச் சோதித்துப் பார்ப்பது தகும்.

2000ஆம் ஆண்டில் 'சேவிங் கிரேஸ்' என்றோர் ஆங்கிலப் படம் வெளிவந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு கடலோரக் கிராமம். கணவன் இறந்துபோகிறான், மனைவிக்கு அவன் விட்டுச் சென்றது கடன் ஒன்றுதான். செடி வளர்ப்பதில் கைதேர்ந்த அந்த அம்மாள், பூச்செடி வைத்திருந்த கண்ணாடிக் கொட்டகையில் கஞ்சா வளர்க்கிறாள். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், போலீஸ் வரும்போது அவள் தப்ப வேண்டுமே என்று பதைக்கிறார்கள். 2005 முதல் 2012 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த 'வீட்ஸ்' என்னும் தொடரிலும் ஒரு விதவைதான். முதலில் விற்கிறாள், பிறகு வளர்க்கிறாள். கதை எழுதுவோர் இதற்கு விதவைகளையே தேடிப் பிடிப்பதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. கார்ன்வால் அம்மாளின் கடன் கணக்கு முழுவதும் நமக்குக் காட்டப்படுகிறது. அந்த இலையைப் புகைப்பவர்களோ நம்மைச் சிரிக்க வைக்கும் கோமாளிகளாக மட்டுமே வந்து போகிறார்கள்.

நிற்க. கதையல்லாத ஓர் இடத்தைப் பார்ப்போம். மொராக்கோ நாட்டின் வடக்கே ரீஃப் மலை இருக்கிறது. செங்குத்தான சரிவு, மெலிந்த மண். 1890ஆம் ஆண்டில் ஸுல்தான் முதலாம் ஹஸன் அங்கே ஐந்து சிற்றூர்களுக்குக் கஞ்சா பயிரிட அனுமதி கொடுத்தார். 1956இல் நாடு விடுதலை பெற்றபின் தடை வந்தது. ஆனால் அந்த மண்ணில் அதே அளவு வரவு தரும் வேறு பயிர் வரவில்லை. பிறகு ஐரோப்பாவிலே வாங்குவோர் பெருகினர். பயிரும் மலையெங்கும் பரவிற்று.

2003ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையும் மொராக்கோ அரசாங்கமும் சேர்ந்து கணக்கெடுத்தன. 134,000 ஹெக்டேர் நிலத்தில் கஞ்சா. பயிரிட்ட குடும்பங்கள் சுமார் 96,600. அத்தனை பேருக்கும் சேர்ந்து அவ்வாண்டு கிடைத்த வரவு 21 கோடியே 40 இலட்சம் அமெரிக்க டாலர். அதே சரக்கு ஐரோப்பாவில் கைமாறி முடிந்தபோது அதன் மதிப்பு சுமார் 1,200 கோடி டாலர். நாம் கணக்குப் போடத் தெரிந்தவர்கள்: விளைவித்தவனுக்கு நூற்றுக்கு இரண்டு டாலர் கூடத் தேறவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,200 டாலர். இப்படிப்பட்ட வியாபாரத்தில் யார் முதலாளி, யார் கூலியாள் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆயினும் எளிதில் அகப்படுபவன் அந்தக் குடியானவனே. கடத்துகிறவன் படகை மாற்றலாம், பெயரை மாற்றலாம். மலைச்சரிவில் பச்சைப் பசேலென்று நிற்கும் வயலை எங்கே ஒளிப்பது? வாரண்டுக்கு அஞ்சி, அடையாள அட்டையைப் புதுப்பிக்கக் கூடப் பட்டணத்துக்கு இறங்காமல் ஆண்டுக்கணக்கில் மலையிலேயே கிடந்தவர்கள் உண்டு. அட்டையில்லாதவன் படும் பாட்டை இந்நாட்டில் அதற்காக அலைந்த நம் மூத்தவர்கள் நன்கறிவார்கள்.

2021இல் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. மூன்று மாகாணங்களில் மட்டும், மருந்துக்கும் தொழிலுக்கும், கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் பயிரிடலாம் என்றது. 2023இல் சட்டப்படி நடந்த முதல் அறுவடை 294 டன். 2024 ஆகஸ்டில் மன்னர் ஆறாம் முஹம்மது, கஞ்சா பயிரிட்ட வழக்குகளில் சிக்கிய 4,831 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இச்செய்தி வந்தபோது நம்மவர்களிடையே இரு அபிப்பிராயம் கேட்டோம். போதை ஹராமாக இருக்க மன்னிப்பு எதற்கு என்றனர் சிலர். முஸ்லிம் நாட்டு மன்னரே மன்னித்துவிட்டார், அப்படியானால் அதில் என்ன தப்பு என்றனர் வேறு சிலர். இரு சாராரும் ஆளையும் இலையையும் ஒன்றாகக் கட்டி நிறுக்கிறார்கள். மன்னிப்பு ஆளுக்கு, இலைக்கு அல்ல. அந்தக் குடியானவன் ஒன்றும் அறியாதவன் என்றும் நாம் சொல்ல மாட்டோம். தன் இலை எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று அவனுக்குத் தெரியும். வறுமை ஒரு குற்றத்தைச் சிறிதாக்கலாம், இல்லாமற் செய்துவிடாது. ஆனால் எவ்வளவு சிறிது என்பதை நிறுக்கும்போது, அவனுக்கு வேறு வழி எத்தனை இருந்தது, இலாபத்தில் அவன் பங்கு என்ன என்ற இரண்டையும் தட்டில் வைத்தாக வேண்டும். அப்படி வைத்தால் படத்து அம்மாளைவிட மலைக் குடியானவன் மீது நம் கோபம் குறைவாக இருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. அவளைப் பார்த்துச் சிரித்தோம், அவனைச் சபித்தோம்.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் சிலருக்குக் கசக்கும். நம்மில் பலருடைய கடைகளில் சிகரெட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. புகையிலை பயிரிட்டவனை யாரும் ஏசுவதில்லை. விற்கும் நம்மையும் ஏசுவதில்லை. சட்டம் அனுமதிக்கிறது, அவ்வளவுதான். கஞ்சா விஷயத்தில் இந்நாட்டுச் சட்டம் கடுமையானது. அதைக் குறித்து நமக்கு வாதமில்லை. ஆனால் சட்டம் விட்டுவிட்ட இடத்தில் நமது மனமும் வாயை மூடிக்கொள்கிறதே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

ரீஃப் மலையைப் பற்றி யாரேனும் ஒரு கதை எழுதினால் அக்குடியானவனின் பற்று வரவைக் காட்டட்டும். அதே சரக்கைப் புகைத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற ஒரு பையனின் தாயாரையும் அவசியம் காட்டட்டும். இரண்டுக்கும் நடுவே, படகு வைத்திருக்கும் முதலாளியின் மாளிகை வாசலிலும் சிறிது நேரம் நம்மை நிறுத்தி வைக்கட்டும். அடையாள அட்டைக்கு அஞ்சிக் கிடந்தவன் அவன் அல்லவே.